வாய்க்காலுக்குப் பின்னால் ஒரு மழை

புதுச் செருப்பு கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். புதுத் தகரம் ஒழுகும் என்பதை நான் இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். 2025 ஜூன் மாதம், கொல்கத்தாவில் மழை முறையாகத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, எங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகையின் விளிம்பில் நீளமாக ஒரு தகர வாய்க்கால் பொருத்தினோம். பளபளக்கும் துத்தநாகப் பூச்சு. இரண்டடிக்கு ஒரு கிளாம்பு. மூலையில் கீழே இறங்கும் பிவிசி குழாய். முதல் மழையில் குழாய் வழியாகத் தண்ணீர் ஜோராகக் கொட்டியது. கூடவே, வாய்க்காலுக்கும் சுவருக்கும் நடுவில், யாரும் கூப்பிடாத இன்னொரு மழை சொட்டுச் சொட்டாக இறங்கியது.

வாய்க்கால் என்று நான் சொல்வது கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்திக்கொள்ளும் நீளத் தொட்டியை. இங்கிலீஷ்காரர்கள் கட்டர் என்பார்கள், மலையாளிகள் பாத்தி என்பார்கள். மொட்டைமாடியிலேயே பிறந்து வளர்ந்த நம்மவர்களில் பலருக்கு இது பழக்கமில்லாத சாமான். எனக்கும் அப்படித்தான்.

எங்கள் வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறம். முருங்கைக்காயும் வாழையிலையும் காப்பிப்பொடியும் கிடைக்கும் பேட்டை என்பதால் தலைமுறைகளாகத் தமிழர்கள் தங்கிவிட்ட இடம். சுதந்திரத்துக்கு முன் கட்டிய வீடு. கீழே வீட்டுக்கார அம்மாள், மேலே நாங்கள். இந்த மாதிரி வீட்டுக் கூரையைக் 'கொடி-பொர்கா' என்கிறார்கள் வங்காளிகள். கனமான உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்கே சிறு சட்டங்கள், சட்டங்களின் மேல் செங்கல் வில்லைகள். எல்லாவற்றுக்கும் மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் செங்கல் தூளும் கலந்து அடித்து இறுக்கிய தளம். அதற்கு 'ஜொல்சாத்' என்று பெயர். நம் ஊர் மெட்ராஸ் டெரஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்களாம். அந்தப் பாட்டும் இல்லை, அந்தத் தளம் போடத் தெரிந்த கைகளும் இப்போது அரிது. எங்கள் ஜொல்சாத் வெடித்துப் பல வருஷங்களாகிவிட்டன. புதுத் தளம் போட வீட்டுக்கார மாஷிமாவிடம் பணமில்லை. பழைய வாடகை கொடுக்கும் எங்களுக்குக் கேட்க வாயில்லை. இரண்டுக்கும் நடுவே பிறந்ததுதான் தகரக் கொட்டகை. இந்த ஊரில் மொட்டைமாடிகளை எட்டிப் பார்த்தால் இப்படிப்பட்ட சமரசங்கள் எத்தனையோ கண்ணில் படும்.

சொட்டினால் சொட்டிவிட்டுப் போகட்டும், சுவர்தானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் உண்டு. உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்து கிடக்கிறது. வீட்டின் பாரத்தைச் சுவரில் இறக்குவது கண்ணுக்குத் தெரியாத அந்த முனைதான். சுவர் ஈரம் குடித்துக்கொண்டே இருந்தால், மர உத்தரமாக இருந்தால் அங்கே இற்றுப்போகும். இரும்பாக இருந்தால் துரு பிடித்துப் பருத்து, சுற்றியுள்ள செங்கல்லைப் பிளக்கும். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். வட கொல்கத்தாவில் 'அபாயகரமான கட்டடம்' என்று மாநகராட்சி பலகை மாட்டியும் ஜனங்கள் குடியிருக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்படி ஏதாவது ஒரு பழைய வீட்டின் பகுதி சரிந்த செய்தி வரும்.

எங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே மாடிப்படியின் சுவர். அந்தச் சுவரின் உட்புறம் மின்சார மீட்டர் பலகை. ஜூலை முதல் வாரத்தில் பலகைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஈரத் திட்டு தெரிந்தது. மாஷிமா ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சுவரில் மாட்டியிருந்த காலஞ்சென்ற கணவரின் படத்தை மட்டும் எடுத்து எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

மிஸ்திரியைக் கூப்பிட்டேன். "தாதா, ஒரு டியூப் சிலிக்கான் போதும்" என்றார். (இந்த 'தாதா' நம் சினிமாவில் அரிவாளோடு வரும் தாதா அல்ல. வங்காளத்தில் அண்ணன்.) தகரத்துக்கும் வாய்க்காலுக்கும் இடையே இருந்த சந்தை வெள்ளைப் பசையால் அடைத்தார். பத்து நாள் சுகம். பிறகு பழையபடி சொட்டியது, இந்த முறை இரண்டு இடங்களில். காரணம் சிக்கலானதில்லை. பகல் வெயிலில் தகரம் நீளும், இரவில் சுருங்கும். பசை தூசி படிந்த ஈரத் தகரத்தில் சரியாகப் பிடிக்காது. ஒரு முனையில் உரிந்ததும் அந்த இடுக்கு தண்ணீருக்கு ரகசிய வழியாகிவிடும். பசை இல்லாதபோது தண்ணீர் எங்கே இறங்குகிறது என்றாவது தெரிந்தது. பசை வந்த பிறகு அது ஒரு பக்கம் நுழைந்து நாலடி தள்ளி வெளியே வந்தது. மிஸ்திரி இரண்டாவது டியூபை எடுத்தார். நான் தடுத்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் சும்மா நின்று பார்த்தேன். ஓட்டைக்குப் பரிகாரம் தேடும் அவசரத்தில் யாரும் செய்யாத வேலை அது. குடை பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம். அப்போதுதான் ஒரு விசித்திரம் தெரிந்தது. மழை வெளுத்து வாங்கும்போது வாய்க்காலுக்குப் பின்னால் ஒரு சொட்டும் இல்லை. தண்ணீர் தகர விளிம்பிலிருந்து வில் போலத் தாவி வாய்க்காலுக்குள் விழுந்தது. மழை ஓய்ந்து தூறலானதும்தான் வேடிக்கை. தாவுவதற்குத் தெம்பில்லாத தண்ணீர் விளிம்பில் திரும்பி, தகரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, பல்லிபோலத் தலைகீழாகப் பின்னோக்கி நகர்ந்து, இரும்புச் சட்டத்தைத் தொட்டதும் அங்கிருந்து சுவரில் இறங்கியது.

டபராவிலிருந்து டம்ளருக்குக் காப்பி ஆற்றுகிறவர்களுக்கு இது புதிதல்ல. வேகமாக ஊற்றினால் நுரையோடு ஒரு முழ உயரத்திலிருந்து நேராக விழும். பயந்து பயந்து மெதுவாகச் சாய்த்தால் பாத்திரத்தின் வெளிப்புறமாக வழிந்து முழங்கை வரை வரும். டபராவின் வாய் வெளிப்பக்கம் மடிந்திருப்பது அழகுக்காக மட்டுமில்லை. அந்த மடிப்பு இல்லாத பாத்திரத்தில் பாலை ஊற்றிப் பாருங்கள், தெரியும்.

விஞ்ஞானிகள் இதற்குத் தேநீர்க் கெண்டியின் பெயரை வைத்திருக்கிறார்கள். மார்க்கஸ் ரெய்னர் என்பவர் 1956-ல் 'தேநீர்க் கெண்டி விளைவு' என்று இதைப் பற்றி எழுதினார். ஜோசப் கெல்லர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1957-ல் அதற்கு விளக்கம் சொன்னார். கெண்டியின் உதட்டில் திரும்பும்போது திரவத்தின் அழுத்தம் குறைகிறது, வெளியே உள்ள காற்று அதை உதட்டோடு சேர்த்து அமுக்குகிறது என்பது அவர் வாதம். சொட்டாத கெண்டி மூக்குக்குக் கணக்குப் போட்டதற்காக அவருக்கும் வாண்டன்-ப்ரூக் என்பவருக்கும் 1999-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் கேலிப் பரிசு அது. 2010-ல் பிரான்சைச் சேர்ந்த ஒரு குழு, பரப்பில் திரவம் எவ்வளவு ஒட்டுகிறது என்பதும் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதும் எவ்வளவு முக்கியம் என்று காட்டியது. தண்ணீர் ஒட்டாத பூச்சுப் பூசினால் கெண்டி சொட்டுவதில்லையாம். வீட்டுக் கூரைக்கு அந்தப் பூச்சு கட்டுபடியாகாது. ஆனால் சாரம் நமக்குப் போதும். மெதுவாக வரும் தண்ணீர் விளிம்பைச் சுற்றித் திரும்பும். அதைத் திரும்பவிடாமல் செய்ய வேண்டுமானால் கீழ்நோக்கிய கூரான ஒரு நுனி வேண்டும்.

இதை நம் முன்னோர்கள் கெண்டி இல்லாமலே கண்டுபிடித்திருந்தார்கள். கீற்றுக் கொட்டகையின் இறவாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஓலை நுனியும் ஒரு சொட்டு முனை. திரும்பிப் போக வழியே இல்லை. வங்காளத்துக் குடிசையின் வைக்கோல் கூரை மூங்கிலை வளைத்துக் கட்டியது. விளிம்பு நடுவில் உயர்ந்து இரண்டு மூலைகளிலும் தாழ்ந்திருக்கும். அந்த வளைவை அப்படியே செங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். விஷ்ணுபூரில் 1655-ல் எழுந்த ஜோர் பங்களா கோவில் பார்ப்பதற்கு ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு குடிசைகள். 1809-ல் கட்டி முடித்த இன்றைய காளிகட்டம் கோவிலின் கூரையும் அதே வம்சம். எந்த இடத்திலும் வாய்க்கால் கிடையாது. தண்ணீரைப் பிடிக்க ஆசைப்படாமல் சுவரிலிருந்து தள்ளி விட்டுவிடுவதோடு சரி.

நம் பக்கத்தில் கொடுங்கை. புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவிலில் கல்லை ஓலைக் கூரைபோல, சட்டமும் ஆணியும் தெரிய மெல்லிசாக இழைத்து வைத்திருக்கிறார்கள். வேறு கோவில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று ஸ்தபதிகள் ஒரு வரி சேர்த்துக்கொள்வார்களாம். வாய்வழியாக வரும் கதை. எனக்கு அந்தக் கொடுங்கையின் அழகைவிட, மழையில் அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சுவரைத் தொடாமல் விழுவதைப் பார்க்கத்தான் ஆசை.

கான்கிரீட் காலத்திலும் இந்த ஞானம் போய்விடவில்லை. ஒழுங்கான மேஸ்திரி ஜன்னல் சன்ஷேடு போடும்போது அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, நீளவாட்டில் ஒரு காடி விடுவார். பின்னோக்கி நகரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். பிறகு பூச்சு வேலைக்கு வருகிறவர், இது என்ன கோணலாக ஒரு கோடு என்று சிமெண்டால் வழித்து மூடிவிடுவார். இதை நான் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆக எங்கள் தகரத்துக்குத் தேவைப்பட்டது பசை இல்லை, ஒரு மூக்கு. வாய்க்காலைப் போட்டவர் தகரத்தின் முனையை வாய்க்காலின் பின்விளிம்புக்கு மேல் அரை அங்குலம்தான் நீட்டியிருந்தார். இரண்டு அங்குலமாவது உள்ளே வந்திருக்க வேண்டும். கூரைத் தகரத்தை இழுத்து நீட்ட முடியாது. அதனால் ஒரு தகரப் பட்டை. எட்டங்குல அகலம், வாய்க்காலின் அதே துத்தநாகத் தகரம். தகரக் கடையில் மிஷினில் கொடுத்து நீளவாட்டில் வளைத்துக்கொண்டோம். மேல் பாதி கூரைத் தகரத்துக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே நுழையும். கீழ்ப் பாதி வாய்க்காலின் பின்சுவருக்கு முன்பக்கமாக உள்ளே தொங்கும். அடி ஓரத்தைக் கால் அங்குலம் முன்னோக்கி மடித்துவிட வேண்டும். அந்த மடிப்புதான் டபராவின் உதடு.

வாய்க்காலைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. கூரையின் கடைசி வரிசை ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பட்டையைச் செருகி, மறுபடி முடுக்கினால் அதே ஸ்க்ரூ பட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பட்டைகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அங்குலமாவது ஏற வேண்டும். நானூற்றுச் சொச்சம் ரூபாய்க்குத் தகரம், மிஸ்திரிக்கு அரை நாள் கூலி. ஓட்டுக் கூரையிலும் இதே வைத்தியம்தான். கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில் பட்டை போக வேண்டும்.

மிஸ்திரிக்கு இதில் முதலில் நம்பிக்கை வரவில்லை. "தாதா, ஓட்டையை அடைக்காமல் புதிதாக ஒரு தகரத்தைத் தொங்கவிட்டால் எப்படி நிற்கும்?" என்றார். நான் ஏணியில் ஏறி, ஒரு குவளைத் தண்ணீரைக் கூரையில் மெள்ள ஊற்றினேன். ஹோஸ் பைப்பை வைத்துப் பீய்ச்சிச் சோதிப்பது எல்லோரும் செய்யும் தப்பு. வேகமாக வரும் தண்ணீர் தாவிவிடும், ஒழுகாது, எல்லாம் சரி என்று சான்றிதழ் கொடுத்துவிடும். குவளைத் தண்ணீர் தூறல் மாதிரி ஊர்ந்து வந்து தகரத்தின் அடியில் திரும்பி சுவரில் இறங்கியதை மிஸ்திரி தன் கண்ணாலேயே பார்த்தார். அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. பட்டையை வளைத்த நேர்த்தி என் யோசனையைவிட நன்றாகவே இருந்தது.

ஏறிய கையோடு அவர் இன்னொரு குற்றத்தையும் கண்டுபிடித்தார். வாய்க்காலின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருந்தது. சரிவாக இருந்த சுவரில் கிளாம்பை அப்படியே அடித்திருந்தார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் நிரம்பிய தண்ணீர் தெருப் பக்கம் வழியாமல் சுவர்ப் பக்கம் வழியும். வாய்க்கால் நிரம்புவது பாவமில்லை, எந்தப் பக்கம் நிரம்பி வழிகிறது என்பதுதான் விஷயம். கிளாம்புகளுக்குப் பின்னால் சிறு துண்டுத் தகரங்களைச் சொருகி முன்விளிம்பு அரை அங்குலம் தாழும்படி சாய்த்தார். நீளவாட்டில் குழாய்ப் பக்கம் பத்தடிக்கு அரை அங்குலம் சரிவு இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். அது மட்டும் சரியாக இருந்தது.

இதெல்லாம் முடிந்தது செப்டம்பர் 15-ந் தேதி. மறுநாள் வந்து குழாய் வாயில் வலை கட்டுவதாகச் சொன்னவர் வரவில்லை. அடுத்த நாள் 17, விஸ்வகர்மா பூஜை. அன்று இந்த ஊரில் மிஸ்திரிகள் கருவியைத் தொடமாட்டார்கள். கருவிகளுக்குப் பொட்டு வைத்துவிட்டு மொட்டைமாடி ஏறிப் பட்டம் விடுவார்கள். சாயங்காலம் எங்கள் வாய்க்காலில் நாலு அறுந்த பட்டங்களும் ஒரு கத்தை மாஞ்சா நூலும் கிடந்தன. ஏற்கெனவே கிருஷ்ணசூடா மரத்தின் பொடி இலை. நூலும் இலையும் காகிதமும் சேர்ந்தால் கார்க்கு மாதிரி குழாயை அடைத்துக்கொள்ளும். கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு நானே வாரிப் போட்டேன்.

வாரிப் போட்டது நல்லதாயிற்று. மகாளயத்துக்கு மறுநாள், செப்டம்பர் 22 இரவு படுத்தோம். நள்ளிரவுக்குப் பிறகு வானம் பொத்துக்கொண்டது. 23-ந் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் அலிப்பூர் வானிலை நிலையத்தில் பதிவான மழை 251.4 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி விடியலுக்கு முந்தைய சில மணி நேரத்தில் பெய்தது. இந்திய வானிலைத் துறையே 1875-ல் இந்த ஊரில் பிறந்ததுதான். அத்தனை பழைய கணக்கேட்டிலும் இப்படிப்பட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1978 செப்டம்பர் இறுதியில் பெய்த மழையைப் பார்த்தவர்கள் மட்டும் 'இதென்ன பிரமாதம்' என்றார்கள்.

எங்கள் கொட்டகை பத்துக்கு இருபதடி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். அந்தக் கணக்கில் அன்று அந்தத் தகரத்தில் விழுந்தது 4,600 லிட்டருக்கு மேல். சின்ன லாரித் தண்ணீர். அதைப் பின்பக்கம் அனுப்புவதா முன்பக்கம் அனுப்புவதா என்பதை ஒரு கால் அங்குல மடிப்பு தீர்மானித்துக்கொண்டிருந்தது.

இரவு மூன்று மணிக்குக் கீழிருந்து மாஷிமா கூப்பிட்டார். தெருத் தண்ணீர் வாசற்படி ஏறி இரண்டாவது படியைத் தொட்டிருந்தது. முதல் காரியமாக மெயின் சுவிட்சை அணைத்தேன், கட்டைக் கைப்பிடியைப் பிடித்தபடி உலர்ந்த படியில் நின்று. அன்று இந்த நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். சைக்கிளில் போனவர்கள், கடை திறக்க வந்தவர்கள், தேங்கிய தண்ணீரில் கால் வைத்தவர்கள். மீட்டர் பலகைக்கு மேலே சுவர் நனைந்து கொண்டிருக்கும் வீட்டில், அந்த இருட்டில் சுவிட்சைத் தேடிக் கைநீட்டியிருக்க மாட்டேன்.

டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தோம். பழைய ஈரத் திட்டு காய்ந்து வெளிறி உப்புப் பூத்திருந்தது. புதிதாக ஈரம் இல்லை. ஆனால் கொட்டும் மழையில் இது ஒரு சோதனையே அல்ல என்று எனக்குத் தெரியும். ஆறு மணிக்கு மழை தூறலாயிற்று. அதற்குத்தான் காத்திருந்தேன். மேலே போனேன். முழங்கால் வலியோடு மாஷிமாவும் பின்னாலேயே ஏறி வந்தார். தகரத்தின் விளிம்பில் திரும்பிய தண்ணீர், பட்டையின் மேல் இறங்கி, மடிப்பின் நுனியில் சற்றுத் தயங்கி, ஒவ்வொரு சொட்டாக வாய்க்காலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் சுவர் காய்ந்திருந்தது.

கீழே தெருவில், பாதி கட்டிய பூஜைப் பந்தலின் மூங்கில்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. மாஷிமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாபா, சமையல்கட்டுப் பக்கக் கார்னிஸிலும் இதேபோல் ஒரு பட்டை அடித்துவிட முடியுமா? பாதிக் காசு நான் தருகிறேன்" என்றார்.

தண்ணீர் வடிய இரண்டு நாளாயிற்று. ஸ்வாமியின் படத்தைப் பழைய ஆணியில் மாட்டலாமா என்று அவர் கேட்டார். பூச்சு முழுக்கக் காயட்டும், காளி பூஜைக்குப் பிறகு மாட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.